டெலீட் நகர மாட்டேன் என்கிறதா? ட்ரிகர் உள்ள டேபிள்களில் லட்சக்கணக்கில் அழிக்கும்போது பார்க்க வேண்டியவை

மொரிசியஸில் ஹோட்டல், பயணத்துறை மென்பொருளில் வேலை செய்பவர்களுக்குப் பழைய ரெக்கார்டுகளை மொத்தமாக அழிப்பது திரும்பத் திரும்ப வரும் வேலை. இந்த நாட்டின் 2017-ம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவருடைய விவரத்தை எதற்காக வாங்கினோமோ அந்தத் தேவை முடிந்துவிட்டால், இயன்ற அளவு சீக்கிரம் அதை அழித்துவிட வேண்டும் என்பது அதிலுள்ள கடமை. எப்போதோ வந்து தங்கிப்போனவரின் பாஸ்போர்ட் எண்ணும் கைபேசி எண்ணும் வெறுமனே டேபிளில் கிடக்கக் கூடாது.

சரி, அழிக்கலாம் என்று உட்கார்ந்தால் வேலை நகராது. மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த எபென் பக்கம் தமிழ் பேசும் டெவலப்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு, சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "செலக்ட் போட்டா ரெண்டு செகண்டுல வருது, அதையே டெலீட்னு மாத்திப் போட்டா விடிஞ்சாலும் முடியல. ஏன்ணே?" பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்லும் பதில், "ட்ரிகரை ஆஃப் பண்ணிட்டு ஓட்டு." ட்ரிகர் என்றால் டேபிளில் ஏதாவது மாறும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் சின்ன நிரல். அதை நிறுத்துவது கடைசி மருந்து. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் ட்ரிகரை எடுக்காமலேயே மணிக்கணக்கை நிமிடக்கணக்காகக் குறைத்துவிடலாம்.

உதாரணத்துக்கு ஒரு முன்பதிவு டேட்டாபேஸை வைத்துக்கொள்வோம். விருந்தினர் டேபிள், முன்பதிவு டேபிள், ஒவ்வொரு முன்பதிவிலும் ஒவ்வொரு இரவுக்கும் ஒரு ரெக்கார்டு வைக்கும் அறை-இரவு டேபிள், பணம் கட்டிய விவரம், யார் எதை மாற்றினார்கள் என்று குறித்து வைக்கும் தணிக்கை டேபிள், ஹோட்டல் வாரியாக எண்ணிக்கை வைக்கும் சுருக்க டேபிள். அழிக்க வேண்டியவை 5 லட்சம் முன்பதிவுகள். நான் முக்கியமாக போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்துப் பேசுகிறேன். எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள், மைஎஸ்கியூஎல் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் அளந்து பாருங்கள்

ஊகித்துக்கொண்டு எதையும் மாற்ற வேண்டாம். ஒரு ட்ரான்ஸாக்ஷனை, அதாவது ஒன்றாக நிலைக்கவோ ஒன்றாகக் கைவிடவோ முடிகிற வேலைத் தொகுப்பை, தொடங்கி, 1000 ரெக்கார்டுகளை மட்டும் அழிக்கும் டெலீட்டுக்கு முன்னால், எதில் எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் அனலைஸ் போட்டு ஓட்டுங்கள். பிறகு ரோல்பேக் செய்து, நடந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள். அனலைஸ் என்று போட்டால் டெலீட் உண்மையாகவே நடக்கும், அதனால் ரோல்பேக்கை மறக்கக் கூடாது. ட்ரிகருக்குள்ளிருந்து வெளியே எங்காவது இணைய அழைப்பு போகிறது என்றால் அதை ரோல்பேக் திரும்பக் கூப்பிடாது. அப்படிப்பட்ட டேபிளில் இந்தச் சோதனையை நகல் டேட்டாபேஸில்தான் செய்ய வேண்டும்.

வரும் விடையின் அடியில் ஒவ்வொரு ட்ரிகருக்கும் ஒரு வரி இருக்கும். எத்தனை முறை அழைக்கப்பட்டது, மொத்தம் எத்தனை மில்லி செகண்டு என்று இரண்டு எண்கள். நீங்கள் எழுதிய ட்ரிகர் அதன் பெயரோடு வரும். அயல்சாவிக்காக, அதாவது ஒரு டேபிளின் ரெக்கார்டு இன்னொரு டேபிளின் ரெக்கார்டைச் சுட்டும் ஃபாரின் கீக்காக, போஸ்ட்கிரெஸ் தானே வைத்திருக்கும் ட்ரிகர், அந்தக் கட்டுப்பாட்டின், அதாவது கன்ஸ்ட்ரெயின்ட்டின், பெயரோடு வரும். "என் டேபிளில் ட்ரிகரே இல்லையே" என்று சொல்பவர்கள் இந்த இரண்டாவது வகையைப் பார்த்ததே இல்லை.

நேரத்தை அழைப்பு எண்ணிக்கையால் வகுங்கள். இண்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு மாதிரி தேடலை வேகமாக்குவது) வழியாகப் போய் ஒரு ரெக்கார்டைப் பார்த்து வருவதற்கு ஒரு மில்லி செகண்டில் சின்னப் பின்னம் போதும். உங்களுக்கு ஓர் அழைப்புக்கு 40 மில்லி செகண்டு வந்தால், 5 லட்சத்துக்கு 20,000 செகண்டு. ஐந்தரை மணி நேரம் அந்த ஒரே ட்ரிகரில் போய்விடும்.

இன்னொரு சோதனையும் உண்டு, பலர் செய்வதில்லை. 1000, 2000, 4000 என்று இரட்டித்துக்கொண்டே போய் நேரத்தைக் குறியுங்கள். ரெக்கார்டு இரட்டித்தால் நேரமும் இரட்டித்தால் அது ஒரு வகை நோய். ரெக்கார்டு இரட்டிக்க, நேரம் நான்கு மடங்கானால் முற்றிலும் வேறு நோய். கீழே சொல்லும் அறிகுறிகளில் எது உங்களுடையது என்று பிரித்துக் காட்டுவது இந்தச் சோதனைதான்.

எக்ஸ்பிளெயின் உங்கள் ட்ரிகரின் மொத்த நேரத்தைச் சொல்லும், உள்ளே எந்தக் கூற்று, அதாவது எந்த எஸ்கியூஎல் கட்டளை, இழுத்தது என்று சொல்லாது. அதைப் பார்க்க ஆட்டோ எக்ஸ்பிளெயின் என்ற நீட்சியில், உள்ளே ஓடும் கூற்றுகளையும் லாகில் எழுதும் அமைப்பை இயக்கிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: முதல் ரெக்கார்டிலிருந்தே மந்தம், நேரம் கன்ஸ்ட்ரெயின்ட் ட்ரிகரில் போகிறது

நான் பார்த்தவரை மிக அதிகமாக வருவது இதுதான். முன்பதிவை அழிக்கும்போது, அதைச் சுட்டிக்கொண்டு அறை-இரவு டேபிளில் ரெக்கார்டு இருக்கிறதா என்று டேட்டாபேஸ் தேடியாக வேண்டும். முன்பதிவு எண் முன்பதிவு டேபிளின் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு ரெக்கார்டையும் அடையாளம் காட்டும் ஃபீல்டு, அதனால் அங்கே இண்டெக்ஸ் இருக்கும். அதைச் சுட்டும் பிள்ளை டேபிளில், இங்கே அறை-இரவு டேபிளில், முன்பதிவு எண் ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா? போஸ்ட்கிரெஸ் அதைத் தானாக உருவாக்குவதில்லை. எஸ்கியூஎல் சர்வரும் ஆரக்கிளும்கூட உருவாக்குவதில்லை. மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபி மட்டும் உருவாக்கிவிடும். அதனால் மைஎஸ்கியூஎல்லில் பழகிவிட்டு போஸ்ட்கிரெஸுக்கு வருபவர்கள் இதில் நேராகப் போய் விழுவார்கள்.

இண்டெக்ஸ் இல்லையென்றால் ஒரு முன்பதிவை அழிக்க அறை-இரவு டேபிள் முழுவதையும் ஒருமுறை படிக்க வேண்டும். 5 லட்சத்தை அழிக்க 5 லட்சம் முறை. ஆரக்கிளில் இதற்கு மேல் இன்னொரு துன்பமும் உண்டு: அந்த இண்டெக்ஸ் இல்லாவிட்டால் தாய் டேபிளில் அழிக்கும்போது பிள்ளை டேபிள் மேலேயே பூட்டு விழுகிறது.

இருக்கிற இண்டெக்ஸையும் கவனமாகப் பாருங்கள். ஹோட்டல் எண், முன்பதிவு எண் என்ற வரிசையில் கூட்டு இண்டெக்ஸ் இருந்தால், முன்பதிவு எண்ணை மட்டும் வைத்துத் தேட அது சரியாக உதவாது. முன்பதிவு எண் முதலில் நிற்க வேண்டும். அதோடு பேரப்பிள்ளை டேபிள் வரைக்கும் இறங்கிப் பாருங்கள். அறை-இரவை இன்னொரு டேபிள் சுட்டிக்கொண்டிருக்கலாம். பணம் கட்டியதைத் திரும்பக் கொடுத்த விவரம் சுட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மொத்தமும் அந்த வேகத்தில்தான் ஓடும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இண்டெக்ஸ் போடுவதென்றால் கன்கரன்ட்லி என்று சேர்த்துப் போடுங்கள், அப்போது எழுதுபவர்களைத் தடுக்காது. அதை ட்ரான்ஸாக்ஷனுக்குள் வைத்து ஓட்ட முடியாது. நடுவில் நின்றுவிட்டால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதை நீக்கிவிட்டுத் திரும்பப் போட வேண்டும்.

இதோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தாயை அழித்தால் பிள்ளையும் போய்விடும் என்று கேஸ்கேடை நம்பி விடாதீர்கள். கேஸ்கேட் ஒவ்வொரு தாய் ரெக்கார்டுக்கும் தனித்தனியாக ஒரு டெலீட் ஓட்டும். பெரிய அளவில் அழிக்கும்போது அடியிலிருக்கும் டேபிளை முதலில் நீங்களே மொத்தமாக அழித்துவிட்டு மேலே ஏறி வாருங்கள். அப்புறம் கேஸ்கேட் வந்து பார்க்கும்போது அழிக்க ஒன்றும் இருக்காது, வெறும் இண்டெக்ஸ் தேடலோடு திரும்பிவிடும்.

அறிகுறி: தொடக்கத்தில் பறக்கிறது, போகப்போக ஊர்கிறது

ரெக்கார்டு இரட்டிக்க, நேரம் நான்கு மடங்காகிறது என்று கண்டவர்களுக்கு இந்தப் பகுதி. இதற்குப் பின்னால் பெரும்பாலும் சுருக்க டேபிள் இருக்கும்.

முன்பதிவு ஒன்று அழிந்தால், அந்த ஹோட்டலின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறை. இப்படி ஒரு ட்ரிகர், ஒவ்வொரு ரெக்கார்டுக்கும். எழுதும்போது ரொம்ப நியாயமாகத் தெரியும். தினசரி ஒன்றிரண்டு ரத்து வரும்போது எந்தத் தொந்தரவும் கொடுக்காது. 5 லட்சத்தை ஒரே கூற்றில் அழிக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். 40 ஹோட்டல் என்றால் சுருக்க டேபிளில் மொத்தமே 40 ரெக்கார்டு. அந்த 40 ரெக்கார்டு மேல் 5 லட்சம் அப்டேட் விழுகிறது.

போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றால் பழைய பிரதியை விட்டுவிட்டுப் புதிய பிரதி ஒன்றை எழுதுவது. பழையதைத் துப்புரவு செய்ய, அதை மாற்றிய ட்ரான்ஸாக்ஷன் முடிந்திருக்க வேண்டும். நம்முடையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் ஒரே ஹோட்டலுக்கு ஆயிரக்கணக்கில் செத்த பிரதிகள் சேர்ந்துகொண்டே போகும். அடுத்த அப்டேட் இப்போது செல்லுபடியாகும் பிரதியைக் கண்டுபிடிக்க அவற்றையெல்லாம் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். பதினாயிரமாவது அப்டேட்டுக்குத் தாண்ட வேண்டியது முதல் அப்டேட்டைவிடப் பல மடங்கு. நேரம் நேர்கோட்டில் ஏறாமல் வளைந்து ஏறுவது இதனால்தான். சர்வரைப் பெரிதாக்கினாலும் இந்த வளைவு அப்படியே இருக்கும். கொஞ்சம் தள்ளிப்போய் அதே சுவரில் முட்டும்.

தீர்வு, ட்ரிகரை ரெக்கார்டு மட்டத்திலிருந்து கூற்று மட்டத்துக்கு மாற்றுவது. தொழிற்சாலை வாசலில் கரும்பு லாரியை எடைமேடையில் ஏற்றி மொத்தமாக நிறுக்கிறார்களே, ஒவ்வொரு கரும்பாக உருவி நிறுக்கவில்லையே, அதே கணக்குதான். போஸ்ட்கிரெஸ் 10-ம் பதிப்பிலிருந்து, மாற்றம் நடந்த பிறகு ஓடும் ஆஃப்டர் வகை ட்ரிகர்களுக்கு, அழிந்த எல்லா ரெக்கார்டுகளையும் ஒரு தற்காலிக டேபிள் மாதிரி ட்ரிகருக்குள் கொடுக்கும் வசதி வந்தது. ட்ரான்ஸிஷன் டேபிள் என்று பெயர். ட்ரிகரை அறிவிக்கும்போது, பழைய டேபிளை இந்தப் பெயரில் கொடு, கூற்றுக்கு ஒருமுறை ஓடு என்று சொல்ல வேண்டும். உள்ளே, அந்தப் பழைய டேபிளை ஹோட்டல் வாரியாகக் குரூப் செய்து எண்ணி, சுருக்க டேபிளோடு சேர்த்து ஒரே ஓர் அப்டேட். 5 லட்சம் அப்டேட் இருந்த இடத்தில் 40.

ஒரு நுணுக்கம். இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் அழித்துக்கொண்டிருந்தால், ஒன்று முதலில் கிராண்ட் பே ஹோட்டலைப் பூட்டி அடுத்து ஃபிளிக் ஆன் ஃபிளாக்கைக் கேட்கும். மற்றது தலைகீழாகக் கேட்கும், இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும். டெட்லாக். இதைத் தவிர்க்க, அப்டேட்டுக்கு முன்னால் தேவைப்படும் சுருக்க ரெக்கார்டுகளை ஹோட்டல் எண் வரிசையில் செலக்ட் ஃபார் அப்டேட் போட்டுப் பூட்டிக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒரே வரிசையில் பூட்டினால் டெட்லாக் வராது.

எண்ணிக்கை அந்த நொடியே சரியாக இருந்தாக வேண்டுமா என்றும் உரிமையாளரிடம் கேளுங்கள். பத்து நிமிடம் பொறுக்கலாம் என்றால் ட்ரிகர் எண்ணிக்கையைத் தொடவே வேண்டாம். ஹோட்டல் எண்ணையும் எத்தனை குறைந்தது என்பதையும் தனி டேபிளில் ஒரு ரெக்கார்டாக எழுதிவிட்டுப் போகட்டும், பிறகு ஒரு சின்ன வேலை வந்து கூட்டிக்கொள்ளும். எனக்குப் பிடித்த அமைப்பு இதுதான், பூட்டுத் தகராறே இதில் இல்லை.

அறிகுறி: ஒரே சீராக ஓடுகிறது, ஆனால் நேரம் போதவில்லை

இங்கே ரெக்கார்டு இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கும், கன்ஸ்ட்ரெயின்ட் ட்ரிகர்கள் வேகமாகவே இருக்கும், உங்கள் தணிக்கை ட்ரிகர் மட்டும் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு ரெக்கார்டையும் ஜேசனாக மாற்றி, தணிக்கை டேபிளில் ஓர் இன்சர்ட். 5 லட்சம் முறை ஃபங்ஷன் அழைப்பு, 5 லட்சம் இன்சர்ட். இதற்கும் மேலே சொன்ன ட்ரான்ஸிஷன் டேபிள்தான் வழி. உள்ளே ஒரே ஓர் இன்சர்ட் செலக்ட்.

எஸ்கியூஎல் சர்வரில் ட்ரிகர்கள் எப்போதுமே கூற்று மட்டத்தில்தான் ஓடும், டெலீட்டட் என்ற டேபிளில் எல்லாம் கிடைக்கும். ஆனால் அதன் மேல் கர்சரை ஓடவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கும் ட்ரிகர்கள் ஏராளம். கர்சரைத் தூக்கிவிட்டு இன்சர்ட் செலக்ட்டாக மாற்றுங்கள். டெலீட்டட் டேபிளுக்கு இண்டெக்ஸ் கிடையாது. அதை ட்ரிகருக்குள் நாலைந்து முறை ஜாயின் செய்கிறீர்கள் என்றால் முதலில் ஒரு தற்காலிக டேபிளில் இறக்கி இண்டெக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது. ஆரக்கிளில் 11ஜி பதிப்பிலிருந்து காம்பவுண்ட் ட்ரிகர் உண்டு. ரெக்கார்டுகளை ஓர் அரேயில் சேர்த்து வைத்து, சில நூறு சேர்ந்ததும் ஃபார்ஆல் போட்டு மொத்தமாக எழுதலாம். கடைசியில் ஒரேயடியாக எழுதலாம் என்று விட்டால் நினைவகம் வீங்கும்.

மைஎஸ்கியூஎல்லில் கூற்று மட்ட ட்ரிகர் கிடையாது, ரெக்கார்டு மட்டம் மட்டும்தான். அங்கே நான் சொல்லும் வழி: அழிக்கும் ப்ரொசீஜரே முதலில் தணிக்கைக்கு மொத்தமாக இன்சர்ட் செலக்ட் செய்துவிடட்டும். பிறகு ஒரு செஷன் வேரியபிளை வைத்து, அது இருந்தால் ட்ரிகர் தணிக்கையை எழுதாமல் விட்டுவிடட்டும்.

வேகத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இந்தத் தணிக்கை டேபிளில் இருக்கிறது. சட்டத்துக்காகத்தானே விருந்தினர் விவரத்தை அழிக்கிறோம்? ட்ரிகர் அந்தப் பழைய ரெக்கார்டு முழுவதையும், பாஸ்போர்ட் எண்ணோடு சேர்த்து, தணிக்கை டேபிளில் எழுதி வைத்தால் நாம் அழித்தது என்ன? ஒரு டேபிளிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான். தணிக்கையில் முன்பதிவு எண், அழித்த நேரம், அழித்த வேலையின் பெயர், எந்த விதிப்படி அழித்தது என்பது இருந்தால் போதும். ட்ரிகர் எழுத வேண்டியது இப்படிச் சுருங்கும்போது வேகமும் கூடவே வந்துவிடுகிறது. இந்த ஒரு மாற்றத்துக்காகவாவது எல்லாரும் தங்கள் தணிக்கை ட்ரிகரைத் திறந்து படிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அறிகுறி: டெலீட் சட்டென்று முடிந்தது, கமிட் தொங்குகிறது

டிஃபர் செய்த கன்ஸ்ட்ரெயின்ட். சோதனையைக் கமிட், அதாவது மாற்றத்தை நிலையாக்கும் கட்டளை, வரைக்கும் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறது, அதனால் எக்ஸ்பிளெயினிலும் தெரியாது. சோதிக்கும்போது, டெலீட்டுக்கு முன் எல்லாக் கன்ஸ்ட்ரெயின்ட்டுகளையும் இம்மீடியட் ஆக்கும் செட் கட்டளையைப் போட்டுவிட்டு அளந்தால் வெளியே வந்துவிடும். மருந்து பெரும்பாலும் மேலே சொன்ன அதே இண்டெக்ஸ்.

அறிகுறி: நினைவகம் ஏறிக்கொண்டே போகிறது, டிஸ்க் நிரம்புகிறது

ரெக்கார்டு மட்ட ஆஃப்டர் ட்ரிகர் ஒவ்வொன்றுக்கும் "இதைப் பிறகு ஓட்ட வேண்டும்" என்று போஸ்ட்கிரெஸ் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புகள் நினைவகத்தில் இருக்கும். ஒரே கூற்றில் கோடிக்கணக்கான ரெக்கார்டுகள் என்றால் நினைவகம் தாங்காமல் சர்வர் தள்ளாடும், கூற்றே தோற்றும் போகலாம். அயல்சாவி ட்ரிகர்களும் இந்தக் கணக்கில் சேரும். ட்ரிகருக்கு சில ரெக்கார்டுகள் மட்டும் தேவை என்றால், உள்ளே இஃப் போடுவதைவிட ட்ரிகர் அறிவிப்பிலேயே வென் நிபந்தனை போடுங்கள். நிபந்தனைக்குப் பொருந்தாத ரெக்கார்டுக்குக் குறிப்பே எழுதப்படாது.

முக்கியமான மருந்து, துண்டு துண்டாக அழிப்பது. ஒரு தடவைக்குச் சில ஆயிரம், கமிட், அடுத்த துண்டு. போஸ்ட்கிரெஸ் 11-லிருந்து ப்ரொசீஜருக்குள்ளேயே கமிட் போட முடியும். டெலீட்டில் நேரடியாக லிமிட் போட முடியாது என்பதால், உள் செலக்ட்டில் எண்களை லிமிட்டோடு எடுத்து அவற்றை அழிக்க வேண்டும்.

துண்டாக அழிப்பதிலும் ஒரு குழி உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் "பழையதில் முதல் 5000 கொடு" என்று கேட்டால், ஏற்கெனவே அழித்துவிட்ட ரெக்கார்டுகளின் செத்த இண்டெக்ஸ் பதிவுகளைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் வர வேண்டியிருக்கும். நூறாவது துண்டு முதல் துண்டைவிட மெதுவாகிவிடும். கடைசியாக அழித்த எண் எது என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ளதை மட்டும் கேளுங்கள். இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே அழிக்க வேண்டிய எண்கள் எல்லாவற்றையும் ஒரு வேலை டேபிளில் இறக்கிக்கொண்டு அதிலிருந்து துண்டுகளை எடுங்கள். வேலை நடுவில் நின்றாலும் எங்கே விட்டோம் என்று அதுவே சொல்லும்.

எந்த அளவுத் துண்டு? எஸ்கியூஎல் சர்வரில் 5000-க்குக் கீழே வையுங்கள். ஒரு கூற்று ஒரு டேபிளில் சுமார் 5000 பூட்டுகளைத் தொட்டால் அது மொத்த டேபிள் பூட்டாக மாறப் பார்க்கும். போஸ்ட்கிரெஸில் அந்த எல்லை இல்லை, 5000-லிருந்து 20,000 வரை போட்டுப் பார்த்து, ஒரு துண்டு ஓரிரு செகண்டில் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். ட்ரிகர் கூற்று மட்டத்துக்கு மாறியிருந்தால் துண்டு கொஞ்சம் பெரிதாக இருப்பது லாபம். ரொம்பச் சின்னத் துண்டானால் குரூப் செய்து மிச்சப்படுத்திய உழைப்பு திரும்பக் கரைந்துவிடும்.

இந்தத் தீவில் துண்டாக அழிப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நவம்பரிலிருந்து மே வரை புயல் காலம். எச்சரிக்கை ஏறிக்கொண்டிருக்கும் நாளில் மின்சாரத்தை நம்பி ஆறு மணி நேர ட்ரான்ஸாக்ஷனைத் தொடங்கக் கூடாது. இன்னோடிபியில் பாதியில் நின்ற பெரிய டெலீட்டைத் திரும்பச் சுருட்டுவது, அதுவரை ஓடிய நேரத்தைவிட அதிகமும் ஆகலாம். சர்வரை மறுபடி கிளப்பினாலும் அந்த வேலை விட்ட இடத்திலிருந்து தொடரும். துண்டாக ஓட்டியிருந்தால் போவது கடைசித் துண்டு மட்டும்தான்.

அறிகுறி: டெலீட் ஓடும்போது மற்றவர்கள் நிற்கிறார்கள்

வரவேற்பு மேசையிலிருந்து "முன்பதிவு சேவ் ஆகலை" என்று போன் வரும். பெரும்பாலும் டெலீட் முன்பதிவு டேபிளைப் பூட்டியதால் வருவதில்லை. ட்ரிகர் தொட்ட சுருக்க ரெக்கார்டு கமிட் வரை பூட்டியிருக்கிறது, அதே ஹோட்டலுக்குப் புதிதாக முன்பதிவு போடுபவர் அதற்காகக் காத்திருக்கிறார். யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று போஸ்ட்கிரெஸின் பிளாக்கிங் பிஐடி ஃபங்ஷன் காட்டிக்கொடுக்கும். அழிக்கும் செஷனுக்குச் சின்ன லாக் டைம்அவுட் வையுங்கள். காத்திருக்க வேண்டியது நம் வேலை, விருந்தினர் இல்லை.

நேரத்தையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரவு 2 மணி அமைதியான நேரம் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். மொரிசியஸில் 2 மணி என்றால் பாரிஸில் குளிர்காலத்தில் இரவு 11, கோடையில் 12. சாப்பிட்டு முடித்துவிட்டு விடுமுறைக்கு ஹோட்டல் தேடுபவர்கள் இன்னும் விழித்திருக்கும் நேரம் அது. காலை 5-லிருந்து 7 வரை வையுங்கள், அங்கே ஆழ்ந்த இரவு, இங்கே வெளியேறும் கூட்டம் இன்னும் மேசைக்கு வந்திருக்காது. தைப்பூசக் காவடி அரசு விடுமுறை, ஆபீஸ் காலி, அன்றைக்கு ஓட்டிவிடலாம் என்ற யோசனையும் வரும். வேண்டாம். அன்றைக்கு ஏதாவது ஆனால் கூப்பிட ஆள் இருக்காது, ஹோட்டல்களோ நிரம்பியிருக்கும்.

அறிகுறி: வேகமாக முடிந்தது, ஆனால் கணக்கு சரியில்லை

எத்தனை ரெக்கார்டு அழிந்தது என்று பூஜ்யம் காட்டினால், அழிப்பதற்கு முன்னால் ஓடும் பிஃபோர் ட்ரிகர் ஒன்று நல், அதாவது வெற்று மதிப்பு, திருப்பிக்கொண்டிருக்கிறது. போஸ்ட்கிரெஸில் அப்படித் திருப்பினால் அந்த ரெக்கார்டு சத்தமில்லாமல் தப்பிவிடும், பிழைச்செய்தியும் வராது. பிஃபோர் டெலீட்டில் பழைய ரெக்கார்டைத் திருப்ப வேண்டும்.

எஸ்கியூஎல் சர்வரில் 5000 அழித்தும் தணிக்கையில் ஒன்றே ஒன்று இருந்தால், டெலீட்டட் டேபிளிலிருந்து எண்ணை ஒரு வேரியபிளில் எடுத்து எழுதியிருக்கிறார்கள். ஒரு கூற்றில் ஒரு ரெக்கார்டுதான் அழியும் என்று நினைத்து எழுதிய ட்ரிகர் அது.

மைஎஸ்கியூஎல் 8-ல் பிள்ளை டேபிளின் தணிக்கை காலியாக இருந்தால், அங்கே கேஸ்கேட் வழியாக அழியும் ரெக்கார்டுகளுக்கு ட்ரிகர் ஓடாது என்பது காரணம். பிள்ளையை நீங்களே முதலில் அழித்தால் இந்த ஓட்டையும் அடைபடும். டேபிளை ஒரேயடியாகக் காலிசெய்யும் ட்ரங்கேட் போட்டாலும் டெலீட் ட்ரிகர்கள் ஓடாது, இது எல்லா டேட்டாபேஸுக்கும் பொருந்தும்.

ட்ரிகரை ஆஃப் செய்தே ஆக வேண்டும் என்றால்

ட்ரிகர் செய்வதையெல்லாம் வேறு வழியில் மொத்தமாகச் செய்து வைத்துவிட்டீர்கள், அந்த நேரத்தில் வேறு யாரும் அந்த டேபிளில் எழுதவில்லை. இரண்டும் உறுதி என்றால் செய்யலாம். பெயர் சொல்லி ஒரு ட்ரிகரை மட்டும் நிறுத்துங்கள். ஆல் என்று போட்டால் அயல்சாவிச் சோதனைகளும் சேர்ந்து நின்றுவிடும், தாயில்லாத பிள்ளை ரெக்கார்டுகள் உள்ளே தங்கிவிடும். செஷன் ரெப்ளிகேஷன் ரோல் என்ற அமைப்பை ரெப்ளிகா ஆக்குவதும் இதே ஆபத்துதான்.

டிஸேபிள் ட்ரிகர் எல்லாருக்கும் சேர்த்து நிறுத்துகிறது என்பதை மறக்கக் கூடாது. ட்ரான்ஸாக்ஷன் முடியும்வரை மற்றவர்கள் எழுத முடியாமல் நிற்பார்கள். கமிட் செய்துவிட்டால் அவர்கள் எழுதுவது தணிக்கையில்லாமல் போகும். அதனால் நான் விரும்புவது ஒரு கொடி. அழிக்கும் ட்ரான்ஸாக்ஷன் மட்டும் செட் லோக்கல் போட்டு ஒரு தனி அமைப்பை வைக்கும். ட்ரிகரின் வென் நிபந்தனை அந்த அமைப்பைப் படித்து, இருந்தால் ஓடாமல் விடும். ட்ரான்ஸாக்ஷன் முடிந்ததும் கொடி தானாக இறங்கிவிடும், மற்ற செஷன்களுக்கு ட்ரிகர் எப்போதும்போல ஓடும். எஸ்கியூஎல் சர்வர் 2016-லிருந்து செஷன் கான்டெக்ஸ்ட் இதற்கு உதவும், அங்கே வேலை முடிந்ததும் நீங்களே இறக்க வேண்டும்.

முடிந்த பிறகு, திரும்ப இதே வேலை வரும் முன்

அழித்து முடித்ததும் சம்பந்தப்பட்ட டேபிள்களுக்கு செத்த பிரதிகளைத் துப்புரவு செய்யும் வேக்யூம் அனலைஸ் ஓட்டுங்கள். அழித்தும் டிஸ்க் இடம் குறையவில்லையே என்று கேட்பார்கள். வேக்யூம் அந்த இடத்தைப் புதிய ரெக்கார்டுகளுக்காக வைத்துக்கொள்ளும், பெரும்பாலும் இயங்குதளத்துக்குத் திருப்பித் தராது. சுருக்க டேபிளின் எண்ணிக்கையை முன்பதிவு டேபிளை எண்ணி ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் இது வருகிறது என்றால் டேபிளை மாத வாரியாகப் பிரித்து வைப்பதை, அதாவது பார்ட்டிஷன் செய்வதைப் பற்றி யோசிக்கலாம். ஒரு மாதத்தைக் கழற்றி ட்ராப் செய்வது கண் இமைக்கும் நேரத்தில் முடியும். ஆனால் கழற்றும்போது டெலீட் ட்ரிகர்கள் ஓடாது, அதனால் தணிக்கையையும் சுருக்கத்தையும் கழற்றுவதற்கு முன்னால் தனியாக எழுத வேண்டும். அந்த மாதத்தைச் சுட்டும் பிள்ளை ரெக்கார்டு ஒன்று மிச்சமிருந்தாலும் போஸ்ட்கிரெஸ் கழற்ற விடாது. எந்தத் தேதியை வைத்துப் பிரிப்பது என்பதையும் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். முன்பதிவு போட்ட தேதியில் பிரித்துவிட்டால், ஜனவரியில் பதிவுசெய்து டிசம்பரில் வருபவர் பழைய பார்ட்டிஷனில் கிடப்பார். விருந்தினர் வெளியேறும் தேதியில் பிரியுங்கள், அழிக்கும் காலக்கெடு அங்கிருந்துதான் தொடங்குகிறது.